ஆயிரம் எண்ணும்வரை

இது நடந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாசித்து முடித்த பிறகு, "நித்திரைத் தூக்கத்திலை ஏதோ கண்டிருப்பீர்" என்று ஒருவரும் எனக்கு விளக்கம் சொல்ல வேண்டாம். அந்த விளக்கத்தை என் கணவர் ராகுலனே போதுமானளவு சொல்லிவிட்டார்.

நான் ஸ்காபரோவில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் பதினான்கு வருடமாக வேலை செய்கிறேன். கார் விபத்து என்று வருபவர்களின் கதையைக் கேட்டு, எது உண்மை, எது புளுகு என்று பிரிப்பதுதான் என் வேலை. எத்தனை மணிக்கு, எந்தப் பக்கத்தால், என்ன சத்தம் என்று துருவித் துருவிக் கேட்பேன். புளுகுகிற ஆளுக்கு நேரம் மட்டும் ஒருநாளும் ஒழுங்காக வராது. இதில் வரும் நேரங்கள் எல்லாம் அன்றே என் போனில் நான் குறித்து வைத்தவை. வேண்டுமானால் காட்டுவேன்.

போன வருடம் ஐப்பசி மாதம் சூரிச்சில் ராகுலனின் மச்சாளுடைய மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்திய வீடு. அவ்வளவு காசு கொடுத்துப் போகிறோம், இரண்டு நாள் மலைப்பக்கமும் பார்த்துவிட்டு வருவோம் என்று நான்தான் அடம்பிடித்தேன். இணையத்தில் தேடி ஒரு பழைய ஊரைப் பிடித்தேன். எண்ணூறு வருடத்து ஊர். அந்தக் காலத்தில் இத்தாலியிலிருந்து பொதி சுமந்த கழுதைகள் மலைக் கணவாயைத் தாண்டி இறங்கும் முதல் ஊர் அதுதானாம். "கணவாய் எண்டால் எனக்குக் கடல் கணவாய்க் கறிதான் ஞாபகம் வருது" என்று ராகுலன் நக்கலடித்தார். ஊரின் பெயரை எழுதமாட்டேன். அங்கே விடுதி நடத்துகிறவர்களும் பிழைக்க வேண்டும்.

போவதற்கு முதல் வாரம் மோர்னிங்சைட்டுக்கு, யோகமலர் அன்ரியிடம் சொல்லிவிட்டு வரப் போனேன். அன்ரி எனக்கு இரத்த உறவில்லை. ஆனால் என் மகளை ஒரு வயதிலிருந்து நான்கு வயதுவரை வளர்த்தவர் அவர்தான். நான் வேலைக்குப் போனேன் என்றால் அது அன்ரியின் புண்ணியம். அவர் என்னிடம் எதையும் கேட்டதேயில்லை. அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டார்.

"அங்கை தமிழாக்களைக் கண்டால் ஒருக்கா விசாரி பிள்ளை. வாகீசன் எண்டு ஆரையும் தெரியுமோ எண்டு."

வாகீசன் அன்ரியின் ஒரே தம்பி. தொண்ணூற்றோராம் ஆண்டு மாசி மாதம், இருபத்தொரு வயதில், அன்ரியின் கணவர் குலசிங்கம் அங்கிளோடு ஏஜென்சிக்காரன் பின்னால் களவாகச் சுவிஸ் எல்லையைக் கடக்கப் புறப்பட்டவர். இத்தாலிப் பக்கம் பொலிஸ் வந்தது, தம்பி பிடிபட்டான், நான் ஓடித் தப்பினேன் என்பதுதான் அங்கிள் சொன்ன கதை. பிறகு அங்கிள் கனடாவுக்கு வந்து அன்ரியையும் எடுப்பித்தார்; தம்பியைப் பற்றித் தகவலே இல்லை. ஊரில் வீடு எரிந்ததில் படம்கூட மிஞ்சவில்லை. அன்ரி தம்பிக்குக் கிரியை செய்யவில்லை, திவசம் கொடுக்கவில்லை. உயிரோடிருப்பவனுக்கு எப்படிச் செய்வது என்பார். காணாமல் போனவர்களைத் தேடும் அமைப்பு ஒன்றுக்கு டிஎன்ஏ சோதனைக்கென்று எச்சில் மாதிரிகூடக் கொடுத்து வைத்திருந்தார். முப்பத்து மூன்று வருடம் அந்த ஒரு நம்பிக்கைதான் அவரை நடமாட வைத்தது.

நான் போகும் ஊரின் பெயரைச் சொன்னபோதே நிமிர்ந்த அங்கிள், அன்ரி கேட்டபோது ரீவியின் சத்தத்தைக் கூட்டினார். நான் அதை அப்போது பெரிதாக எடுக்கவில்லை.

புறப்படும்போது அவரும் லிப்டில் என்னோடு இறங்கினார். முழங்கால் வருத்தக்காரர், கார் நிற்கும் இடம்வரைக்கும் நொண்டி நொண்டி வந்தார். ஜக்கெட்டுக்குள்ளிருந்து ஒரு பொதியை எடுத்தார். தமிழ்க் கடைப் பையால் சுற்றி, ஒட்டு ரேப்பால் ஒட்டிய பொதி.

"பிள்ளை, அந்த ஊர் முடியிற இடத்திலை கல்லாலை கட்டின பழைய வாசல் ஒண்டு இருக்கும். பக்கத்திலை குந்தி இருக்க ஒரு வாங்கு. அதிலை இதை வைச்சிட்டுத் திரும்பிப் பாராமல் வா."

"ஆருக்கு அங்கிள்?"

"ஒருத்தருக்குமில்லை. யோகத்துக்குச் சொல்லாதை."

எங்கள் ஆட்கள் யாராவது பிளேன் ஏறுகிறார்கள் என்றால் பார்சல் வருவது புதினமில்லை. மிளகாய்த்தூள், சாறி, மருந்து என்று எல்லாம் வரும். வாங்க மாட்டேன் என்று சொல்ல எங்களுக்கு நா எழாது. ஆனால் நான் எந்தப் பார்சலையும் பிரித்துப் பார்க்காமல் கொண்டுபோக மாட்டேன். ஒருமுறை அடுத்தவரின் கருவாட்டுக்காக விமான நிலையத்தில் இரண்டு மணித்தியாலம் நின்ற பாடம் அது. வீட்டுக்கு வந்து பிரித்தேன். உள்ளே ஒரு சோடிக் கையுறை. மண்ணிறத் தோல், உள்ளே சிவப்புக் கம்பளி. பழையது. வலது கைச் சுட்டுவிரல் பிரிந்துபோய், நீல நூலால் தைக்கப்பட்டிருந்தது. இதை ஏன் மலைக்கு அனுப்புகிறார் என்று யோசித்துவிட்டுத் திரும்ப ஒட்டினேன்.

அந்த ஊருக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மாலை மூன்று இருபது. கல் பாவிய ஒற்றைத் தெரு. இரண்டு பக்கமும் சாய்ந்த மரவீடுகள். விடுதி நடத்தும் கிழவி எங்களுக்கு இரண்டாம் மாடியில் அறை தந்தார். கணவாய்ப் பாதையை அன்று காலைதான் பனிக்காலத்துக்காக மூடினார்களாம். விருந்தினர் வேறு யாரும் இல்லை என்று உடைந்த ஆங்கிலத்தில் சொன்னார்.

நான்கு பத்துக்கு ராகுலன் கார்ச் சாவியை எடுத்தார்.

"மலைக்குக் கீழை இருக்கிற கடைக்குப் போட்டு வாறன். ஆறு மணிக்குப் பூட்டீடுவாங்கள். நீர் படும்."

அவர் போய்ப் பத்து நிமிடத்தில் மூடுபனி இறங்கியது. ஜன்னலுக்கு எதிரே இருந்த வீடு மங்கி, பிறகு இல்லாமலே போனது. நான் கட்டிலில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நித்திரை வரவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன்.

நான்கு இருபத்தேழு. ஜன்னலுக்கு வெளியே ஒரு குரல்.

"ஒண்டு… இரண்டு… மூண்டு…"

தமிழ்! சந்தோஷமாகத்தான் இருந்தது. சுவிஸில் எங்கள் பெடியன்கள் நின்று சமைக்காத குசினியும் உண்டா? யாரோ பிள்ளைகளோடு ஒளித்துப் பிடித்து விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன். அன்ரி விசாரிக்கச் சொன்னதும் ஞாபகம் வந்தது. எழும்பி ஜன்னலைத் திறந்தேன்.

தெருவில் ஒருவரும் இல்லை.

குரல் மட்டும் நிற்கவில்லை. இளம் ஆண்குரல். அவசரமில்லாமல், ஒரு விநாடிக்கு ஒன்று என்ற கணக்கில். "நாப்பத்தொண்டு… நாப்பத்திரண்டு…" ஜன்னலை மூடினேன். கண்ணாடி இரட்டைக் கண்ணாடி. மூடிய பிறகும் சத்தம் குறையவில்லை. அதே அளவில் கேட்டது.

நூறு தாண்டியது. இருநூறு தாண்டியது. ஒளித்துப் பிடித்து விளையாட இருநூறு வரைக்கும் யாராவது எண்ணுவார்களா? எனக்குச் சிரிப்பு வந்தது. ஐநூறு தாண்டியபோது சிரிப்பு வரவில்லை.

நான்கு நாற்பத்து நான்கு. "தொளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு… தொளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது…"

நின்றது.

நான் ஆயிரத்துக்குக் காத்திருந்தேன். வரவில்லை. ஒரு மூச்சளவு அமைதி. பிறகு…

"ஒண்டு… இரண்டு…"

இறங்கிக் கீழே போனேன். கிழவி கணக்குக் கொப்பியோடு இருந்தார். இங்கே தமிழர், இலங்கையர் யாரும் வேலை செய்கிறார்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். அந்தக் குரல் கேட்கிறதா என்று காதைத் தொட்டுக் காட்டினேன். அவர் ஒரு நிமிடம் தலையைச் சரித்துக் கேட்டார். உதட்டைப் பிதுக்கினார்.

எனக்கோ படியடியில் நின்றுகொண்டிருந்தபோதும் கேட்டது. முன்னூற்றேழு. முன்னூற்றெட்டு.

சரி, பார்சலையாவது வைத்துவிட்டு வருவோம் என்று நினைத்தேன். இருட்டுவதற்குள் போனால் வேலை முடிந்துவிடும். யாராவது தமிழ்ப் பெடியன் நின்றால் அவனிடம் வாகீசனைப் பற்றியும் கேட்கலாம். இப்படித்தான் எனக்கு நானே சமாதானம் சொன்னேன். ஜக்கெட்டைப் போட்டேன். பொதியை எடுத்தேன்.

ஐந்து மணி. தெருவில் இறங்கும்போது எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியது.

தெரு மேல்நோக்கி ஏறியது. வீடுகளில் வெளிச்சம் இல்லை. என் சப்பாத்துச் சத்தம் மட்டும் கல்லில் பட்டுத் திரும்பியது. நான் நடந்தேன். ஒரு விஷயம் பிடிபட எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. எவ்வளவு நடந்தும் குரல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அறைக்குள் கேட்ட அதே அளவு. காதுக்குப் பக்கத்தில் இருந்து எண்ணுவது போல.

ஐந்து ஒன்பது. மூடுபனிக்குள் கல் வாசல் தெரிந்தது.

பக்கத்தில் ஒரு மரவாங்கு.

அதில் ஒரு பெடியன்.

குனிந்து இருந்தான். இரண்டு கைகளையும் கக்கத்துக்குள் சொருகியிருந்தான். அந்தக் குளிருக்கு மெல்லிய ஜம்பர் ஒன்று. காலில் துணிச் சப்பாத்து. தலைமயிரில் பனி. உதடு அசைந்துகொண்டிருந்தது.

"தம்பி… தமிழோ?"

எண்ணுவது நின்றது. நிமிர்ந்தான். இருபது, இருபத்தொன்று இருக்கும். முகம் வெளிறிப் போயிருந்தது. கண் மட்டும் சரியான ஆவலோடு இருந்தது.

"அத்தான் அனுப்பினவரோ?"

இங்கேதான் நான் பிழைவிட்டேன். எங்கள் ஆட்கள் எல்லாரும் விடும் பிழை. பார்சல் கொண்டுவருகிறவளுக்கு, அதை வாங்க ஒருவர் வந்து நிற்பார் என்ற நினைப்புத்தான் இருக்கும். உறவுமுறையைச் சொன்னால் போதும், ஆளை விசாரிக்க மாட்டோம். பெயரையும் நானே எடுத்துக் கொடுத்தேன்.

"குலசிங்கம் அங்கிளோ? ஓம். அவர்தான் தந்துவிட்டவர்."

"வாறன் எண்டவர்."

"அவருக்கு முழங்கால் ஏலாது தம்பி. நான் கொண்டந்திருக்கிறன்."

பொதியை நீட்டினேன். அவன் பொதியைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், தெருவைப் பார்த்தான்.

"அவர் வரேல்லையோ?"

"இல்லை."

"அக்காவுக்குத் தெரியுமோ?"

"என்னது தம்பி?"

அவன் வாசலுக்கு அப்பால் பார்த்தான்.

கைகளை வெளியே எடுத்தான். விரல்கள் வெள்ளையாக, விறைத்து நின்றன. மடங்கவில்லை. இரண்டு மணிக்கட்டாலும் அணைத்துப் பொதியை வாங்கினான். என் விரலில் அவன் கை பட்டது. இப்போதும் அந்த இடம் எனக்கு மரத்துத்தான் இருக்கிறது.

"எழும்பி வாரும். உள்ளுக்குப் போய்த் தேத்தண்ணி குடிப்பம்."

"எழும்பேலாது. கால்."

காலைப் பார்த்தேன்.

இடது சப்பாத்தின் முனை பின்பக்கம் பார்த்திருந்தது.

என் மூச்சு வெள்ளையாகப் பறந்துகொண்டிருந்தது. அவன் வாயிலிருந்து ஒன்றுமே வரவில்லை. இவ்வளவு நேரம் பேசியும்…

ஒன்றுமே.

தலைமயிரில் இருந்த பனி உருகவில்லை.

நான் பின்னால் ஓரடி வைத்தேன்.

"அக்கா…" என்றான். "விட்டிட்டுப் போகாதைங்கோ."

அப்போது என் வாய் தானாகச் சொன்னது. நான் யோசித்துச் சொல்லவில்லை. சத்தியமாக யோசிக்கவில்லை.

"இதிலை இரும் தம்பி. ஆக்களைக் கூட்டிக்கொண்டு இப்ப வாறன்."

அவன் என்னையே பார்த்தான்.

"நீங்களும் அப்பிடித்தான் சொல்லுறியள்."

ஓடினேன்.

திரும்பிப் பார்க்கவில்லை. கல்லில் வழுக்கி விழுந்து எழும்பி ஓடினேன். காதுக்குப் பக்கத்தில்…

"ஒண்டு… இரண்டு… மூண்டு…"

ஐந்து பதினேழு. அறைக்குள் போய்க் கதவைப் பூட்டினேன்.

நூறு.

நானூறு.

எண்ணூறு.

ஐந்து முப்பத்து நான்கு. தொளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது.

அமைதி.

"ஒண்டு…"

ராகுலன் வந்தது ஐந்து ஐம்பத்திரண்டுக்கு. கதவில் அவர் தட்டிய அந்த விநாடியிலேயே எண்ணுவது நின்றது. நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் டோர்ச் எடுத்துக்கொண்டு தனியாக வாசலடிக்குப் போய்விட்டு வந்தார். வாங்கு இருக்கிறதாம், ஆள் இல்லையாம்.

விடிய இருவரும் போனோம். இரவு பெய்த பனியில் ஒரு காலடிகூட இல்லை. வாங்கின் மேல் தமிழ்க் கடைப் பை ஒழுங்காக மடித்து, கல் ஒன்றின் கீழ் வைக்கப்பட்டிருந்தது. கையுறை இல்லை. "ஆரோ எடுத்திட்டுப் போட்டாங்கள், விடும்" என்றார் ராகுலன். விமானத்தில் போனை எடுத்துக் கணக்குப் பார்த்தேன். ஆயிரம் விநாடி என்றால் பதினாறு நிமிடம், நாற்பது விநாடி. என் குறிப்பில் எண்ணிக்கை தொடங்கிய, முடிந்த நேரங்கள் எல்லாம் அந்த இடைவெளியில்தான் இருந்தன.

ரொறன்ரோவுக்கு வந்த அடுத்த ஞாயிறு மோர்னிங்சைட்டுக்குப் போனேன். அங்கிள் எனக்காகக் கீழே கார் நிற்கும் இடத்தில் காத்திருந்தார்.

"வைச்சனீயே?"

"கையிலை குடுத்திட்டன் அங்கிள்."

அவர் யாரிடம் என்று கேட்கவில்லை. என் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"எண்ணிக்கொண்டிருந்தவனோ?"

நான் எண்ணுவதைப் பற்றி இன்னும் வாயே திறக்கவில்லை.

பிறகு அவரே சொன்னார். பொலிஸ் வரவில்லை. ஒருவரும் பிடிபடவில்லை. இறங்கும் வழியில், இருட்டில், வாகீசனின் கால் முறிந்தது. ஏஜென்சிக்காரன் நிற்கச் சம்மதிக்கவில்லை. இருவருக்கும் ஒரு சோடிக் கையுறைதான், முறை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள். அப்போது வாகீசனின் முறை.

"நான் நடக்கோணுமெல்லே எண்டு கழட்டிக்கொண்டு வந்திட்டன். ஆயிரம் மட்டும் எண்ணடா, முடியிறதுக்குள்ளை ஆக்களோடை வாறன் எண்டு சொன்னனான். வாசலடியிலை ஏஜென்சிக்காரன்ரை வான், எஞ்சின் ஓடினபடி நிண்டது. ஏறு, இல்லாட்டி நில்லு எண்டான்."

"ஏறிட்டியளோ?"

"ஏறிட்டன்."

அந்த ஊரில் யாருடைய கதவையாவது தட்டியிருக்கலாமே என்று கேட்டேன். தட்டியிருந்தால் எல்லாரையும் திருப்பி அனுப்பியிருப்பார்கள் என்றார். பிறகு, "எதிலை நிப்பாட்டினவன்?" என்று கேட்டார். தொளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது என்றேன். அங்கிள் தலையில் அடித்துக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டார். ஆயிரம் என்று சொன்னால் அத்தான் வரவில்லை என்றாகிவிடும். அதனால் அவன் சொல்லவேயில்லை. முப்பத்து மூன்று வருடமாகச் சொல்லவேயில்லை.

மேலே போனேன். அன்ரி தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

"விசாரிச்சனீயே பிள்ளை?"

"ஓம் அன்ரி. ஒருத்தருக்கும் தெரியேல்லை."

பொய்க்காரர்களைப் பிடித்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். ஆனாலும் சொல்லவில்லை. அந்த மனிசியின் நம்பிக்கையை என் வாயால் முடித்துவைக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இந்த வருடம் ஆடி மாதம் அன்ரிக்கு ஒரு கடிதம் வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததால் வாசித்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டார். மேசையின் ஒரு பக்கம் அன்ரி, மறுபக்கம் அங்கிள். அந்த ஊரில் பழைய மதில் ஒன்றைத் திருத்தும்போது, பல வருடங்களுக்கு முன் சரிந்த கல்லுக்கும் மண்ணுக்கும் கீழே ஓர் ஆணின் எலும்புகள் கிடைத்தனவாம். இடது கணுக்கால் முறிந்திருந்ததாம். எச்சில் மாதிரியோடு ஒத்துப்போனதாம். கிடைத்த இடம், கல் வாசலிலிருந்து இருநூற்றுப் பத்து மீற்றர். ஊரின் விளக்குகள் அவனுக்குத் தெரிந்திருக்கும்.

அன்ரி சத்தமில்லாமல் அழுதார். நான் அவரின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். கடிதத்தோடு படங்களும் இருந்தன. இடுப்புப் பட்டி. துணிச் சப்பாத்து ஒன்று. மூன்றாவது படத்தை எடுத்ததும் அன்ரி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

இரண்டு கையெலும்புகள். இரண்டிலும் கையுறை. மண்ணிறத் தோல், சிவப்புக் கம்பளி.

"உந்த நீல நூல்…" என்றார் அன்ரி.

படத்தின் மேல் விரலை வைத்தார்.

"உது நான் தைச்சதெல்லே. நான் இஞ்சை வந்த முதல் பனிக்கு. இவருக்கு."

தம்பி காணாமல் போய் மூன்று வருடத்துக்குப் பிறகு, ஸ்காபரோவில், தன் கையால் தைத்த தையல். அது முப்பத்து நான்கு வருடம் கல்லுக்கடியில் கிடந்தவனின் கையில். அன்ரி தலையை நிமிர்த்தி அங்கிளைப் பார்த்தார்.

"எங்கை உங்கடை கிளவுஸ்?"

அங்கிள் மேசையைப் பார்த்தபடி இருக்க, அந்த ஊருக்குப் போய்வந்த என் பக்கம் அன்ரி திரும்பினார்.

"பிள்ளை, நீ சொல்லு."

இந்தமுறை நான் ஒன்றையும் மறைக்கவில்லை. வாங்கு, விறைத்த விரல், ஆயிரம், வான் எல்லாவற்றையும் சொன்னேன். நானும் அவனிடம் வாறன் என்று சொல்லிவிட்டு ஓடிவந்ததையும் சொன்னேன். அன்ரியின் அழுகை நின்றுபோயிருந்தது. கதிரையை இழுத்து அங்கிளுக்கு நேரே போட்டு உட்கார்ந்தார்.

"எண்ணுங்கோ."

"யோகம்…"

"அவனுக்குச் சொன்னனீங்களெல்லே? ஆயிரம் மட்டும் எண்ணுங்கோ."

அங்கிள் எண்ணத் தொடங்கினார். நடுங்கி நடுங்கித்தான் தொடங்கினார். இருநூற்றுக்குப் பிறகு நடுக்கம் நின்றது. ஒரு விநாடிக்கு ஒன்று. ஐநூற்றுக்குப் பிறகு கைகளைக் கக்கத்துக்குள் சொருகினார்.

"தொளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு… தொளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது…"

வாய் திறந்தபடி நின்றது. சொல் வரவில்லை.

"ஒண்டு… இரண்டு…"

அன்றிலிருந்து அங்கிள் வேறு ஒரு சொல்லும் பேசவில்லை. ஆஸ்பத்திரியில் மூளையைப் படமெடுத்தார்கள். ஒன்றுமில்லை என்றார்கள். இப்போது பிக்கரிங்கில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார். விழித்திருக்கும் நேரமெல்லாம் எண்ணுகிறார். அங்கே ஒருவருக்கும் தமிழ் தெரியாது. மந்திரம் சொல்கிறார் என்று நினைக்கிறார்கள். எத்தனை போர்வை போட்டாலும் அவரின் விரல்கள் சூடாவதில்லை என்று தாதி சொன்னார்.

அன்ரி தம்பியின் கிரியைகளை முறைப்படி செய்தார். ஒவ்வொரு நாளும் பிளாஸ்கில் தேத்தண்ணியோடு பிக்கரிங்குக்குப் போகிறார். அங்கிளுக்குப் பருக்கிவிட்டு நேரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். போன ஞாயிறு நானும் போனேன்.

"அன்ரி, இவ்வளவும் காணும். வீட்டை கூட்டிக்கொண்டு போகலாமே?"

அன்ரி அங்கிளின் வாயைத் துடைத்துவிட்டார்.

"கூட்டிக்கொண்டுதான் போகப்போறன் பிள்ளை. ஆயிரம் எண்டு சொல்லட்டும்."

நான் இதை எழுதுவதற்குக் காரணம் அதுவல்ல. நேற்றுக் காலை, அஜக்ஸில், எங்கள் வீட்டுக் குசினியில் கோப்பி போட்டுக்கொண்டிருந்தபோது ராகுலன் கேட்டார். பேயுமில்லை, ஒன்றுமில்லை என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கும் அதே ராகுலன்.

"கஜனி, ராத்திரி நித்திரையிலை என்னத்தை எண்ணிக்கொண்டிருந்தனீர்?"